எடுக்காத குழாய்

“வெறும் கல்லா இருந்தா நான் திட்டியே இருக்க மாட்டேன். கல்லுக்குள்ள ஒரு குழாய் இருக்கு, பாருங்க.”

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் செருகினார். மூத்திரப்பையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கல். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வளைந்து சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. எதிரே இருந்த பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பார்க்கவில்லை.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி கிட்னி கல்லை எடுத்தப்போ வெச்ச குழாய் இது. ஆறு வாரத்துல எடுத்திருக்கணும். விட்டதுல, உப்பு படிஞ்சு படிஞ்சு கல்லாயிடுச்சு. அந்த டாக்டர் சொல்லவே இல்லையா?”

“சொன்னாரு. பதினாலாம் தேதி, காலைல பத்தரை மணி. நான்தான் போகலை.”

“என்ன வேலை பாத்தீங்க?”

“பஸ் டிப்போல டைம் கீப்பர்.”

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “ரெண்டு நிமிஷம் லேட்டா வந்த டிரைவரை எல்லாம் உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பீங்க. நீங்க மூணு வருஷம் லேட்.”

பெரியவர் தலை குனிந்துகொண்டார். நீர்க்கடுப்பையும் வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த மனுஷர். ரத்தமாகப் போக ஆரம்பித்த பிறகும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, மனைவியிடம் ஒன்றுமில்லை என்றே சாதித்தவர்.

“லேசர் வெச்சு கல்லை உடைச்சிட்டு, குழாயையும் உருவிடறேன். நாளைக்கே அட்மிட் ஆகுங்க.”

“கல்லை மட்டும் உடைச்சா போதாதுங்களா? குழாய் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். “விளையாடறீங்களா? ஏற்கெனவே ஒரு கிட்னி வீங்கியிருக்கு. குழாயை விட்டா அது மொத்தமா போயிடும். முதல்ல அந்த டாக்டரோட நம்பரைக் குடுங்க. தேதி குறிச்சுக் குடுத்துட்டா கடமை முடிஞ்சுதா? பேஷன்ட் வரலைன்னா ஒரு போன் பண்ணிக் கேக்க வேண்டாம்?”

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. கெட்டிக்காரர். தப்பு என்னுது.”

“இவ்வளவு ஆனப்புறமும் பரிஞ்சு பேசறீங்களே” என்றபடி டாக்டர் சம்மதப் படிவத்தை நகர்த்தினார். பெரியவர் பேனாவைத் தொடவில்லை.

மனைவி பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். “நானும் வற்புறுத்தாம விட்டுட்டேன். எனக்கும் மனசு வரலை. போதும், கையெழுத்துப் போடுங்க. அவன் இருந்திருந்தா இந்த டாக்டரைவிட ஜாஸ்தியா திட்டியிருப்பான்.”

“யாரு?” என்றார் டாக்டர்.

“குழாய் வெச்ச டாக்டர்தான், எங்க ஒரே பையன். பதினாலாம் தேதி அவன் கையாலேயே எடுக்கறதா இருந்துது, பன்னெண்டாம் தேதி விபத்துல போயிட்டான்.”