ஐந்தாவது வரி

அந்தப் பெண் இன்றைக்கும் வந்திருந்தாள். பார்வையாளர் வரிசையில் அதே கடைசி நாற்காலி, மடியில் அதே மஞ்சள் நிறத் தண்ணீர் பாட்டில். பொறியாளர் சட்டென்று தலையைக் குனிந்து கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஆய்வுக் குழுவின் மூன்றாவது கூட்டம் இது. முதல் இரண்டிலும் அவள் வாயே திறக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அந்தப் பார்வை கூட்டத்தோடு முடிந்தால் தேவலை. அவர் வீட்டுக்குப் போனால் அங்கேயும் எதிரில் உட்காரும், தட்டில் போட்ட சோறு இறங்காது.

பாட்டிலின் மூடியில் சின்னதாக இரண்டு பல் தடங்கள் உண்டு. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் அவை அங்கே இருப்பது அவருக்குத் தெரியும்.

இந்த நகர்மன்றத்துக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வந்த வேகத்தில் பள்ளிக்கூடத்துச் சாலை வளைவுத் திட்டத்தைக் கையில் எடுத்தவரும் அவர்தான், இரண்டே மாதத்தில் அதன் கழுத்தைத் திருகியவரும் அவர்தான். ஏன் என்று கேட்கத்தான் இன்று குழு கூடியிருந்தது.

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அந்த வளைவுல சிக்னல், வேகத்தடை, நடைபாதை. பிப்ரவரியில மன்றம் சரின்னு சொல்லிச்சு. ஏப்ரல்ல நீங்களே வேண்டாம்னு எழுதிட்டீங்க. நடுவுல என்ன சார் நடந்துச்சு?"

"விதி மேடம். மூணு வருஷத்துல ஒரே இடத்துல விபத்துல அஞ்சு பேர் இறந்திருந்தாத்தான் திட்டம். அங்க நாலு பேர்தான்."

"இன்னும் ஒருத்தர் போகட்டும்னு உக்காந்திருக்கோமா?" என்றார் மருந்துக்கடை வைத்திருக்கும் உறுப்பினர். யாரும் சிரிக்கவில்லை.

தலைவி இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பட்டியலில் பெயர்கள் கிடையாது. தேதி, வயது, இடம், அவ்வளவுதான்.

"பிப்ரவரி பட்டியல்ல அஞ்சு வரி இருக்கு. ஏப்ரல்ல அஞ்சாவது வரிய அடிச்சிருக்கு. யார் அடிச்சது?"

"நான்தான்."

"முதல்ல சேர்த்தது?"

"அதுவும் நான்தான்." ஸ்கேல் வைத்து, ஒரு தரத்துக்கு மூன்று தரம் அழுத்தி அடித்திருந்தார். அப்படியும் அந்த மையின் அடியில் ஒன்பது என்ற வயது தெரிந்தது. அந்த ஒன்பதைப் பார்த்துவிடாமல் இருப்பதற்கே தனியாகத் தைரியம் வேண்டியிருந்தது.

"மோதினது வளைவுல மேடம். மூணு நாள் கழிச்சு உயிர் போனது ஆஸ்பத்திரியில. எந்த இடத்துல இறந்தாங்களோ அந்த இடத்துக் கணக்குலதான் வரணும். தெரிஞ்சேதான் முதல்ல சேர்த்தேன். அது தப்பு."

இந்த விதியின் புண்ணியத்தில் ஆஸ்பத்திரி வாசல் சாலைக்கு மூன்று வேகத்தடைகள் கிடைத்திருந்தன. அங்கே ஒரு சைக்கிள்கூட யார் மேலும் மோதியதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம் அது, அவர் மட்டும் சிரித்ததே இல்லை.

"நான் பேசலாமா?"

கடைசி நாற்காலி காலியாக இருந்தது. அவள் நடைவழியில் வந்து நின்றிருந்தாள். அந்த அறையில் இருந்த ஒரே மைக் பொறியாளர் கையில் இருந்தது, அவர் அதை நீட்டவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

"அந்த அஞ்சாவது வரி என் பொண்ணு. பள்ளிக்கூடம் விட்டு ரோட்டத் தாண்டி வந்தா. இந்தப் பக்கம் நான் நின்னுட்டிருந்தேன்." பாட்டிலை மறு கைக்கு மாற்றினாள். "சிக்னல் வருது, இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகாதுன்னு நெனச்சேன். அவளோட வரிய எடுத்துட்டாங்கன்னு என்கிட்ட யாரும் சொல்லல. வெளிய நோட்டீஸ் போர்டுல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிக் கோடு போட்டு அடிப்பீங்களா சார்?"

பொறியாளர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அடிச்சுத்தான் ஆகணும்" என்றார் மெதுவாக. "விதிய வளைச்சான்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது."

"மனுஷனா இவன்?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது.

தலைவி அவர் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "விதிய மாத்த நமக்கு அதிகாரம் இல்லம்மா. ஆனா பெத்தவங்க மனு கொடுத்தா மோதின இடத்தையே கணக்குல எடுத்துக்கலாம். அஞ்சாயிடுச்சுன்னா திட்டத்த யாரும் நிறுத்த முடியாது. ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்."

அவள் அங்கேயே குனிந்து கையெழுத்துப் போட்டாள். பாட்டிலைக் கீழே வைக்காமலே போட்டதால் எழுத்து கோணலாக விழுந்தது.

தலைவி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "குழந்தையோட அப்பா பேரு சொல்லும்மா. அவர் வந்திருக்காரா?"

அவள் முதல் தடவையாகப் பொறியாளரின் பக்கம் கையை நீட்டினாள்.

"அவரையே கேளுங்க. மைக் அவர்கிட்டதான் இருக்கு."