ஒரு குழித்தட்டின் அழுகை

சோதனைக்குழாயில் பிறந்த வாழைக்கன்றுகளின் தாகத்தை அழுகையாகக் கேட்கவைக்கும் கருவி ஒன்று அமுதினியின் நாற்றுப்பண்ணையில் இருந்தது. மூன்று வாரமாகத் தண்ணீரைக் குறைத்துப் பழக்கியதில் இலைகளில் வெயிலைத் தாங்கும் மெழுகு படர்ந்து, அழுகையும் ஓய்ந்திருந்தது. வயலுக்குப் போக வண்டி வந்துவிட்டது.

கன்றுகள் நட்டிருந்த ஒரே ஒரு குழித்தட்டு மட்டும் இன்னும் அழுதது. அமுதினி தொட்டுப் பார்த்தாள். இலைகள் பிறந்த குழந்தையின் தோல்போல் மெத்தென்றிருந்தன. கணவன் சேது தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏங்க, இதுக்கு மட்டும் தண்ணி தெளிச்சீங்களா?”

“ரொம்ப அழுதுச்சு அமுது. மனசு கேக்கல.”

“நல்ல அப்பா போங்க! வெயில்ல வச்சா ரெண்டே நாள்ல கருகிடுமே.”

அவன் கண் கலங்கியது. அவள் தட்டைத் தூக்கி நிழலுக்குள் வைத்தாள்.

“முதல்லேருந்து பழக்குவோம். இந்தத் தடவை அது அழுதா, தண்ணிக் குழாயத் தொடாதீங்க. என் கையப் பிடிச்சுக்கோங்க.”