இரண்டு பருந்து அணிகள்

பேருந்திலிருந்து இறங்கியதும் அவள் பார்த்தது அண்ணனைத்தான்.

பத்தடி உயர பிளக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் கோப்பை.

‘மாவட்டக் கபடியில் முதலிடம் பிடித்த மேலக்கரைப்பட்டி பருந்துகள் அணிக்கு வாழ்த்துகள்.’

அண்ணனைச் சுற்றி ஆறு பையன்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மூலையில் மில்லுக்காரர் தவசி கும்பிட்டபடி.

நிஜக் கோப்பை அவளுடைய பையில் இருந்தது.

முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய கூட்டம் இது. நாற்பது புள்ளி வித்தியாசம். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஊர் திரும்பியவர்கள். ஜெயித்தது பெண்கள் அணி. அவளும், அவளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த ஆறு பேரும்.

பருந்து என்ற பெயரே அவர்கள் வைத்ததுதான். மறு வருஷம் பையன்களும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்பளைகள் எதற்குக் கேட்க வேண்டும்?

“அக்கா, கப்பப் பாரு” என்றாள் முத்துப்பேச்சி.

பார்த்தாள். நேற்று அவள் வீட்டுக்கு அனுப்பிய படத்திலிருந்து கோப்பையை மட்டும் வெட்டி அண்ணன் கையில் ஒட்டியிருந்தார்கள். வெட்டியவனுக்கு என்ன அவசரமோ. கோப்பையின் விளிம்பில் விரல் ஒன்று மிச்சமிருந்தது. பிளாஸ்திரி சுற்றிய விரல்.

அவளுடையது. அரையிறுதியில் பிசகியது.

ஆளை எறிந்துவிட்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள், பாவிகள்.

பிளக்ஸுக்குக் கீழே பாதி ஊர் நின்றது. பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்காவது கூச்சம் இருக்க வேண்டுமே! நடுவில், மில்லுக்காரர் பக்கத்தில், அப்பா. தோளில் மில்லுக்காரர் போட்ட புதுத் துண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

“மில்லுக்காரரு பருந்து டீமு போட்டோ கேட்டாரு தாயி. ஒங்கண்ணன் அவனுகளோடத அனுப்பிப்புட்டான். விடு, பேரு ஒண்ணுதான? யாரு ஜெயிச்சா என்ன? சாயங்காலம் பாராட்டு விழா மேடையில அவனே வாங்கிக்கிறட்டும். கப்பக் குடு.”

கையை நீட்டினார்.

யாரு ஜெயிச்சா என்னவா?

முட்டி தேய்ந்தது யாருக்கு? அரைக்கால் சட்டையோடு ஓடியபோது டீக்கடையில் சிரித்தது யாரைப் பார்த்து? அப்போதெல்லாம் இந்த ஊருக்கு ஆள் மாறவே இல்லை.

பையை முத்துப்பேச்சியிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். கால் பெருவிரலால் புழுதியில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

குனிந்து கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“கபடி கபடி கபடி கபடி…”

தாண்டினாள்.

பையன்கள் சிரித்தார்கள். அவள் வந்த வேகத்தில் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவனாகப் பின்வாங்கினான். ஒருவன் செல்போனைக் கீழே போட்டான். அண்ணன் பிளக்ஸ் கம்பத்துக்குப் பின்னால் போனான்.

“ஏய், பொம்பளப் புள்ள, என்னடி இது!” என்று யாரோ கத்தினார்கள்.

பாட்டு அறுபடவில்லை.

அப்பா மட்டும் நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அதில் ஒன்று வைத்தாள், சுளீரென்று. திரும்பிப் பாய்ந்து கோட்டைத் தொட்டாள். அங்கே ஆறு பேரும் கைகோத்து நின்றார்கள்.

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். தலைக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்த மகனை நிமிர்ந்து பார்த்தார். துண்டை எடுத்து மில்லுக்காரர் கையில் கொடுத்தார்.

பிறகு ஓரமாகப் போய், அவுட்டானவர்கள் உட்காருவதுபோல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

அவள் மூச்சை இழுத்தாள்.