பின் நங்கூரம்

"படகைக் கரையில கட்டிப்போட்டா டிவில படம் வருதுங்கக்கா. நடுத்தண்ணிக்குப் போனா படகு சுத்துது, டிஷ்ஷும் கூடவே திரும்பிக்குது" என்றான் மெக்கானிக் ரைஹான்.

"எங்கூட்டுக்காரருக்கு சீரியல் இல்லாம ஆகாது கண்ணு. எப்படியாச்சும் செஞ்சு குடு" என்றாள் பாவாத்தாள். பவானிசாகர் அணையில் தனியாகவே மீன் பிடிக்கிறவள்.

நடுத்தண்ணீரில் முன்னும் பின்னும் நங்கூரம் போட்டுப் படகை அசையாமல் நிறுத்தி, ரைஹான் டிஷ்ஷைத் திருப்பினான். படம் பளிச்சென்று வந்தது.

"பின்னால கெடக்கறதைத் தூக்கினா?"

"படம் போயிருங்க. ரெண்டும் கெடக்கோணும்."

அதையே அவள் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள். புருஷன் மேல் இத்தனை பாசமா என்று ரைஹானுக்கு வியப்பு.

சாயங்காலம் அவன் கரையில் சாமான்களை மூட்டை கட்டும்போது, ரிமோட்டும் கையுமாகப் புருஷன் படகில் ஏறினார். பாவாத்தாள் படகை நடுத்தண்ணீருக்கு ஓட்டினாள். அங்கிருந்து சீரியல் பாட்டு கேட்டது. சட்டென்று நின்றது.

"ஏனம்மணி, படம் போயிருச்சு?"

"பின் நங்கூரத்தை நாந்தானுங்க தூக்கிட்டேன். மூணு வருசமா வலை வீச வாங்கன்னு கூப்பிட்டனே, டிவியை உட்டு எந்திரிச்சீங்களா? இப்ப ரெண்டு வீச்சு வீசுங்க. அப்புறம் போடறேன்."

வலை தண்ணீரில் விழும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. அதற்குப் பிறகுதான் சீரியல் பாட்டு.