ஒரே ஒரு குமிழி

பஞ்சர் பார்க்கும் தொட்டிக்குள் கண்ணாயிரம் அமுக்கியது டியூபை அல்ல. வாரும் வால்வுமாகத் தொங்கிய ஒரு கறுப்புச் சட்டையை.

"கடலுக்கடியில போறவங்க மாட்டிக்கிறதுண்ணே. ஊதுன காத்து நிக்கணும். பழசுதான் வாங்குனேன்" என்றாள் ஜெயராணி. கடலூர்ப் பெண்களுக்கு முக்குளிக்கக் கற்றுத்தர சிதம்பரத்திலிருந்து வந்து போகிறவள்.

கம்ப்ரசர் உறுமியது. சட்டை கல்யாண மாப்பிள்ளைபோல் விறைத்தது.

தோள்பட்டை வால்வின் ஓரத்தில் ஒரு குமிழி. முப்பது எண்ணியதும் இன்னொன்று.

"ஒரே ஒரு குமிழிதாம்மா. சைக்கிளா இருந்தா சேத்தியாத்தோப்பு போயிட்டே வந்துடலாம்."

"இத்தனை நாளா நீச்சல்குளத்துல பழகுன ஒரு அக்கா, நாளைக்குக் காலையில இதை மாட்டிக்கிட்டு முதல் தடவையா கடல்ல எறங்கப்போறாங்கண்ணே."

கண்ணாயிரம் காலர் அளவைப் பார்த்தான். "எக்ஸ்எல்லா? அந்தம்மா எறங்குனா தண்ணி மஞ்சக்குப்பம் வரைக்கும் வந்துடுமே!"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தபடி, சட்டையைத் துடைத்து அவள் கையில் திணித்தான்.

அவளுடைய போன் அடித்தது. கை ஈரம், ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேடம், செல்லாயி பேசுறேன். நாளைக்கு நான் மாட்டிக்கிற சட்டையைச் சரிபாக்க எங்க வேணா குடுங்க. பீச் ரோட்டுல, வேப்பமரத்துல டயர் தொங்கும் பாருங்க, அந்தக் கடையில மட்டும் குடுத்துடாதீங்க. எங்கூட்டுக்காரருதான். அவுரு காலையில ஒட்டுனா சாயங்காலமே புடுங்கிக்கும். அவுருகிட்ட இன்னும் தையல் கிளாஸ்னுதான் சொல்லி வச்சிருக்கேன்!"

ஜெயராணி மெல்ல நிமிர்ந்தாள். தலைக்கு மேலே டயர் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதமாகத் தையல் வகுப்பிலிருந்து செல்லாயி ஏன் ஈரத்தலையோடு வீடு திரும்புகிறாள் என்று கண்ணாயிரத்துக்கு இப்போதுதான் விளங்கியது.

சட்டையைப் பிடுங்கினான். வால்வைத் திருகிக் கழற்றினான். உள்ளே ரப்பர் வாஷரில் உப்பு படிந்திருந்தது. நகம் படாமல், துணி நுனியால், குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் துடைத்தான். முடுக்கினான். ஊதினான். இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினான்.

முப்பது. அறுபது. நூறு.

குமிழியே இல்லை.

"போதும்ண்ணே, நின்னுடுச்சு" என்றாள் ஜெயராணி.

"நூத்தியொண்ணு" என்றான் கண்ணாயிரம்.