டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு குடித்தனம்

ஒரு காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் பொடிச்சி என்கிற நிறைமாதச் சுண்டெலி குடியிருந்தாள். பிறக்கப்போகும் குட்டிகளுக்கு மெத்தை போட, அங்கிருந்த இன்சூரன்ஸ் தாளைக் கடிக்கப் போனாள்.

"கிழிச்சிடாதே தாயி! போலீஸ் கேட்டா என்னைத்தான் காட்டணும்" என்று தாள் கெஞ்சியது.

"என் பிள்ளைங்க வெறுந்தரையில படுக்கவா?"

"உள்ளே துடைக்கிற துணி கிடக்கு. மெத்துனு இருக்கும்."

பொடிச்சி முனகிக்கொண்டே துணிக்குள் போய்க் குட்டி போட்டாள்.

மறுநாள் வழியில் போலீஸ்காரர்கள் காரை நிறுத்தினார்கள். பெட்டிக்குள் கார் ஓட்டுபவரின் கை நுழைந்தது. பொடிச்சி குட்டிகளை அணைத்தபடி துணிக்குள் ஒடுங்கினாள். கை தாளை மட்டும் எடுத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தது. கார் கிளம்பியது.

"நான் கிடைக்கலேன்னா துணியையும் உதறித் தேடியிருப்பார்" என்றது தாள்.

பொடிச்சி துணியை விட்டு வெளியே வந்தாள். தாளை மூக்கால் தள்ளி, கைக்குச் சட்டென்று எட்டும்படி முன்னால் வைத்துவிட்டு, பால் கொடுக்கப் போனாள்.