அணில் கொண்டுபோன மொட்டுகள்

மூன்று மொட்டையும் காணவில்லை.

நேற்று சாயங்காலம் இருந்தன. பால்கனித் தொட்டியில் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் குட்டை எலுமிச்சையில், அரிசி அளவில், ஊதா நுனியோடு. இன்று விடிந்தும் விடியாததுமாக வந்து பார்த்தால் வெறும் காம்பு நிற்கிறது.

தொட்டியைச் சுற்றி வந்தேன். மண்ணைத் துழாவினேன். உள்ளே போனேன், திரும்ப வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை.

மகன் வாங்கிவந்த ஒட்டுக்கன்று இது. வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். காய்க்கப்போகிற மரத்தை விட்டுவிட்டு எப்படியடா வருவது என்றேன்.

என் பிள்ளை அல்லவா, வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். முதல் பழம் பறித்த அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனான்.

மனைவி அன்றைக்கே பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பேத்திமேல் உயிர். மரத்துக்கு முட்டை ஓடு, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அவள் உபயம்தான். எனக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

ஞாயிறு தவறாமல் மகன் போனில் கேட்பான், காய்த்ததா என்று. முதலில் அணில் என்றேன். அடுத்து காற்று. போன தடவை, ஒரு காக்கா தன் கூட்டை அலங்காரம் செய்ய மொட்டாகப் பார்த்துப் பொறுக்கிப் போனதாகவும், போதாமல் மறுநாள் ஜோடியோடு வந்ததாகவும் சொன்னேன். நம்பினான். படித்த பையன்.

அணில், காற்று, காக்கா மூன்றும் நான்தான். அவள் எழுந்திருக்கும் முன்னால் வந்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு. அவ்வளவுதான் வேலை.

இன்றைக்கு எனக்கு முன்னால் யாரோ வந்துபோயிருக்கிறார்கள்.

நிஜமாகவே அணில் வந்துவிட்டதோ என்று பயமாகப் போயிற்று. நான் சொன்னது எதுவும் இதுவரை நடந்ததில்லை. இல்லை, இவளுக்கு விஷயம் தெரிந்துபோய், மகனிடம் காட்டுவதற்கு மொட்டுகளை எடுத்து வைத்திருக்கிறாளோ?

உள்ளே போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை.

போனைக் காதில் வைத்தபடியே அவள் பால்கனிக்கு வந்தாள். இன்னொரு கையில் எனக்கு டீ.

டம்ளரை வாங்கும்போது அவள் விரலில் எலுமிச்சை வாசம். டீயோ பால் டீ.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே மகனிடம் சொன்னாள்:

"அணில்தான்ப்பா. இந்தத் தடவை குடும்பத்தோட வந்துட்டுப் போயிருக்கு."